அளவைக் கல்லின் பூர்வோத்தரம்

சேலையூரில் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து கிழக்கே போகும் சாலையைப் பிடித்து, இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்ட ஊர்களைக் கடந்து மேடவாக்கத்துக்குப் போய், அங்கிருந்து சோழிங்கநல்லூர் வழியில் திரும்புகிறவர்கள், சற்று நேரத்தில் பெரும்பாக்கம் என்ற ஊரை அடைவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளால் இன்று பெயர் பெற்றிருக்கிற அவ்வூரின் குன்றுக்கும், வடக்கே விமானங்கள் தாழ்ந்து பறக்கிற பரங்கிமலைக்கும் இடையிலே கிடக்கும் சமவெளியில்தான், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் தேதியன்று, தென்குமரி முதல் இமயத்தின் அடிவாரம் வரையில் இத்தேசத்தை அளந்து தீர்த்த மகத்தான பிரயத்தனம் ஒன்று ஆரம்பமாயிற்று என்பதை, அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வருகிற நம்மில் அநேகர் அறியோம்.

அறியாததற்காக நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயிற் சுவரில் வெட்டிய சாசனம் மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும், தானம் கொடுத்தவன் இன்னான், பெற்றவன் இன்னான் என்பதையும் தானே எடுத்துரைக்கிறது. போரில் மடிந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லும் அவன் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது. அளவைக் கல்லுக்கோ அந்த வாசாலகம் கிடையாது. அதன் தலையிலே ஓர் அம்புக்குறியோ, ஒரு வட்டத்தின் நடுவே ஒரு புள்ளியோ, முகத்திலே இரண்டு மூன்று எழுத்துகளோ, மழையில் கரைந்துபோன ஓர் எண்ணோ காணப்படுமே அன்றி, அது எந்தக் காலத்தது, யார் நட்டது, எதன் பொருட்டு நட்டது என்பதற்கு யாதொரு குறிப்பும் இராது. ஆகையால் பழைய கல் ஒன்றைக் கண்டு அதன் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அது யாருடைய காரியத்துக்காக அவ்விடத்தில் நிறுத்தப்பட்டது என்ற கேள்வியை முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், எந்த அலுவலகத்தின் எந்தத் தஸ்தாவேஜைப் புரட்டுவது என்பது தானே விளங்கிவிடும்.

கற்களின் வகை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பிரதேசம் இவ்விதக் கற்களுக்கு நல்ல விளைநிலம். இங்கே பட்டா நிலம் உண்டு. ஏரிப் புறம்போக்கு உண்டு. ரயில்வேயின் நிலம் உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவத்தின் கன்டோன்மென்ட் உண்டு. நன்மங்கலத்தில் காப்புக்காடு உண்டு. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் உண்டு. இவை ஒவ்வொன்றும் தத்தம் எல்லையைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், ஒவ்வொரு இலாகாவும் தன் தன் கல்லை நட்டு வைத்திருக்கிறது.

திருச்சி நெடுஞ்சாலை போன்ற பழைய பெருவழிகளில் ஊர்த் தூரத்தைக் காட்டுவதற்காக நின்றவை மைல் கற்கள். இவற்றில் பழையனவற்றில் ரோமானிய எண்ணோடு தமிழ் எண்ணும் வெட்டப்பட்டிருக்கக் காணலாம். ‘பி.பி.’ என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் தாங்கிய கல், பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் நில எல்லைத் தூணாக இருக்கும். ‘ஆர்.எப்.’ என்றிருந்தால் அது காப்புக்காட்டின் எல்லை. வயல் மூலையிலும் வரப்பு முடிவிலும், எழுத்து யாதுமின்றித் தலையில் அம்புக்குறி மட்டும் வெட்டப்பட்டு, முக்கால் பாகம் மண்ணில் புதைந்து நிற்பது வருவாய்த் துறையின் சர்வே கல். நம்மில் பெரும்பாலோர் வீட்டு மனை வாங்கும்போது சர்வேயரோடு சேர்ந்து தேடுகிற கல் இதுவே. இவை அனைத்தினும் அரிதாக, ‘ஜி.டி.எஸ்.’ என்றும் ‘பி.எம்.’ என்றும் எழுத்துகள் பொறித்து, நடுவே சிறு சதுரம் ஒன்று செதுக்கிய கல்லை எங்கேனும் கண்டால், அது கடல் மட்டத்திலிருந்து அவ்விடத்தின் உயரத்தை நிர்ணயிப்பதற்காக இந்திய நில அளவைத் துறை விட்டுச் சென்ற ஆதாரக் குறி என்று கொள்ளலாம். இத்தகைய குறிகளைக் கோத்து 1909ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மட்ட வலையைக் கணக்கிட்டு முடித்தபோது, ஒன்பது துறைமுகங்களின் கடல் மட்டத்தை அவர்கள் அடிப்படையாகக் கொண்டார்கள். அவற்றுள் சென்னை ஒன்று, நாகப்பட்டினம் மற்றொன்று.

தெய்வத்தின் கல்லும் அரசனின் கோலும்

நிலத்துக்குக் கல் நடும் வழக்கத்தை வெள்ளைக்காரர்தாம் நமக்குக் கற்பித்தார்கள் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். சோழ மன்னர்கள் ஓர் ஊரைக் கோயிலுக்கோ அந்தணருக்கோ தானமாக வழங்கியபோது, நாட்டார் முன்னிலையில் பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்திச் சென்று, அது சுற்றி வந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்ததாக அக்காலத்துச் செப்பேடுகள் விரிவாகப் பேசுகின்றன. சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த கல், திருமால் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த ஆழிக்கல், சமணப் பள்ளியின் நிலத்துக்கு முக்குடை பொறித்த கல் என்று, எழுத்தறியாத உழவனும் பார்த்த மாத்திரத்தில் உடையவரை அறிந்துகொள்ளும்படி அந்நாளிலேயே பாகுபாடு செய்திருந்தார்கள்.

அளவின் நுட்பத்திலும் அவர்கள் பின்தங்கியவர்களல்லர். முதலாம் இராஜராஜன் தன் தேசம் முழுவதையும் அளக்கச் செய்தான். அப்பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டமும் கிடைத்தது. அக்காலக் கணக்கில், ஒரு வேலி நிலத்தை முந்திரி, கீழ் முந்திரி என்று மேன்மேலும் கூறிட்டுக்கொண்டே போய், 5,242 கோடியே 88 லட்சம் கூறுகளில் ஒரு கூறு வரையில் எழுதி வைத்திருப்பதைக் கண்டு சரித்திர ஆசிரியர்கள் வியந்திருக்கிறார்கள். அவ்வளவு சிறிய மண் துணுக்கில் ஒரு நெல்மணியும் விளையாது என்பது மெய்தான். ஆயினும், தானத்தையும் வரியையும் பிசகின்றிப் பங்கிடுவதற்குக் கணக்கு நூலில் எல்லை வைக்கக்கூடாது என்ற கொள்கை அதில் வெளிப்படுகிறது. பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086ஆம் ஆண்டில், மறுபடியும் நிலம் அளக்கப்பட்டது; அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் வில்லியம் அரசன் தன் ராஜ்யத்தின் நிலபுலங்களையெல்லாம் கணக்கெடுத்துப் புகழ்பெற்ற ஏடு ஒன்றைத் தொகுப்பித்தான் என்பது கவனிக்கத்தக்கது.

சேலையூருக்குத் தெற்கே, சோழர் காலத்துக் கோயிலான மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் சந்நிதி இருக்கிறது. இப்படிப்பட்ட கோயில்களை அடுத்த வயல்களில் சூலம் பொறித்த கல் ஒன்று தென்பட்டால், அதற்குரிய தஸ்தாவேஜு எந்த அலுவலகத்திலும் இராது; கோயிற் சுவர்க் கல்வெட்டிலும், தொல்லியல் துறையினர் அவற்றைப் படியெடுத்து வெளியிட்ட தொகுதிகளிலுமே தேட வேண்டும்.

கும்பினியின் ஜாகீர்

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு 1763ஆம் ஆண்டில் ஜாகீராகக் கொடுத்தார். கைக்கு வந்த சொத்தின் விஸ்தீரணமும் வரும்படியும் இன்னதென்று தெரியாமல் திகைத்த கும்பினியார், தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயரை நியமித்து, 1767 முதல் 1774 வரையில், சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் நிலம், ஏரி, குளம், வீடு, குடி, மானியம் ஆகிய அனைத்தையும் ஊர்வாரியாகக் கணக்கெடுக்கச் செய்தார்கள். ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதிக் கொடுத்த விவரங்களை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கணக்கின் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. தாம்பரம் சுற்று வட்டாரத்தின் எந்த ஊரைப் பற்றி ஆராயப் புகுந்தவருக்கும், வெள்ளையர் காலத்து முதற் படிக்கட்டு இதுவே.

அந்தக் கணக்கின் மொழி நம் நாக்கிலே இன்னமும் உலவுகிறது. செங்கற்பட்டுச் சீமையில் இருபத்து நான்கு அடிக் கோலால் நிலம் அளந்தார்கள். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ளது ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. ஆகவே காணி ஒன்று 57,600 சதுர அடியாகும். அந்தக் காணியை இருபத்து நான்காகப் பகுத்தால் வருவது 2,400 சதுர அடி கொண்ட ஒரு மனை. சேலையூரில் இடம் பார்க்கப் போகிறவர் தரகரிடம் ‘ஒரு கிரவுண்டு என்ன விலை?’ என்று கேட்கும்போது, ஏக்கரும் ஹெக்டேரும் சட்டப்படி வந்து நெடுநாளாகியும் ஒழியாத அந்தப் பழைய காணியின் இருபத்து நான்கில் ஒரு பங்கைத்தான் அவர் விசாரிக்கிறார்.

இதற்கிடையில், நிலம் அளப்பதைச் சாஸ்திர முறைப்படி கற்பிப்பதற்காக மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794இல் சென்னையிலே எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளியே நாளடைவில் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அவருடைய முயற்சியாலேயே 1792இல் நுங்கம்பாக்கத்தில் வான நோக்குக்கூடமும் எழுந்தது. அதன் கருவியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூணில், பிற்காலத்தவர் அறியும் பொருட்டுத் தமிழும் தெலுங்கும் உட்படப் பல பாஷைகளில் செய்தி பொறித்தார்கள். அத்தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகளையெல்லாம் நெடுங்காலம் அந்த நோக்குக்கூடத்தைக் கொண்டே கணக்கிட்டார்கள் என்பதால், அளவை பற்றி ஆராய்கிறவர் ஒருமுறையேனும் பார்த்து வரவேண்டிய ஸ்தலம் அது.

பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பிரயத்தனத்தை ஆரம்பித்த வில்லியம் லாம்டனின் கதைக்கு வருவோம். முப்பத்து மூன்றாவது பட்டாளத்தைச் சேர்ந்த இந்த அதிகாரி, 1799இல் நடந்த நான்காவது மைசூர் யுத்தத்தின்போது, இரவில் படை செல்லும் திசை பிசகி விட்டதென்றும், போக வேண்டிய வடக்கை விட்டுப் பகைவர் இருக்கும் தெற்கை நோக்கிப் போகிறதென்றும், நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டு சேனாபதிக்கு எச்சரித்தவர் என்று சொல்வார்கள். யுத்தம் முடிந்ததும், கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரையில் தீபகற்பத்தின் குறுக்கே க்ஷேத்திர கணித முறையால் அளந்து, ஊர்களின் ஸ்தானங்களைத் திருத்தமாக நிர்ணயிப்பதோடு, பூமியின் உண்மை வடிவம் எத்தகையது என்ற கேள்விக்கும் விடை காண வேண்டுமென்று அவர் ஒரு யோசனையைச் சமர்ப்பித்தார். பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவினால் அந்த யோசனை அங்கீகாரம் பெற்றது.

அவர் கைக்கொண்ட முறை எளிமையானது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்துவிட்டால், மற்ற இரண்டு பக்கங்களைத் தரையில் இறங்கி அளக்காமலே கணக்கினால் பெறலாம். அப்படிப் பெற்ற பக்கம் ஒவ்வொன்றும் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாகும். மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கும் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் இவ்வாறு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே போனால், ஆறும் காடும் குறுக்கிட்டாலும் எத்தனை நூறு காதமும் அளந்துவிடலாம். ஆனால் முதன் முக்கோணத்தின் முதற் பக்கத்தை மட்டும் தரையிலே, மயிரிழை பிசகாமல், அளந்தே ஆகவேண்டும். அதில் நேர்ந்த பிழை தேசம் முழுவதும் பெருகிக்கொண்டே போகும். அடிக்கோடு எனப்படும் அந்த முதற் பக்கத்துக்குத்தான் பரங்கிமலையை அடுத்த சமவெளி தெரிந்தெடுக்கப்பட்டது.

இன்றைய வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தால், ஏறத்தாழ வடக்கு தெற்காக, நங்கநல்லூர், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் ஆகியவற்றின் பக்கமாக அது பெரும்பாக்கத்துக்கு வந்து சேரும். அதன் மீது இடப்பட்ட சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. லண்டனில் ராம்ஸ்டன் என்ற பேர்பெற்ற கருவிக் கம்மியர் செய்த நூறு அடி உருக்குச் சங்கிலி அது. இரண்டரை அடிக்கொரு கண்ணியாக நாற்பது கண்ணிகள் கொண்ட அதை, மக்கார்ட்னி பிரபுவின் தூது கோஷ்டி சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோயிற்று, சக்கரவர்த்தி விரும்பவில்லை, கோஷ்டியோடு சென்ற சாஸ்திரி ஒருவர் வசம் அது கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து விலைக்கு வாங்கப்பட்டுச் சென்னையை அடைந்தது.

சித்திரை வெயிலில் உருக்கு நீளும் என்பதை லாம்டன் நன்கறிவார். ஆதலால் சங்கிலியைத் தரையிலே இழுக்காமல், முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து வரிசையாக வைத்த இருபதடி மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மூடி, பக்கத்திலே உஷ்ணமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவின்போதும் வெப்பத்தைக் குறித்து, பின்னர் எல்லாவற்றையும் 62 பாரன்ஹீட் பாகை என்ற ஒரே வெப்ப நிலைக்குக் கணக்கினால் கொண்டுவந்தார்கள். உபயோகிக்கும் சங்கிலி தேய்ந்ததா என்று ஒத்துப் பார்ப்பதற்காக மற்றொரு சங்கிலியைத் தனியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். நூறு நூறு அடியாக நானூறு முறை இவ்வாறு வாரக்கணக்கில் அளந்து முடித்து, கடல் மட்டத்துக்குத் திருத்திக் கண்ட நீளம் 40,006.4418 அடி; அதாவது ஏழரை மைலுக்குச் சற்று அதிகம். அடியைப் பதினாயிரமாகக் கூறிட்டுச் சொன்ன இந்தக் கணக்கைப் பார்க்கும்போது, வேலியைக் கோடானுகோடிக் கூறுகளாக்கிய பழைய கணக்கர்களுக்கு ஏற்ற தோழர் ஒருவர் வந்து வாய்த்தார் என்றே தோன்றுகிறது.

கோணம் அளப்பதற்காக லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட் அரை டன் எடையுள்ளது. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதை ஏற்றிய கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது சாஸ்திர ஆராய்ச்சிக்கான கருவி என்று தெரிந்துகொண்டதும், அத்தீவின் கவர்னர் மரியாதையோடு அதைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அதே கருவிக்கு 1808இல் வேறொரு கண்டம் நேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் மனம் தளராமல், கூடாரத்துக்குள் அமர்ந்து வாரக்கணக்கில் பாடுபட்டு, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நிமிர்த்தினார். உலகளந்த இராஜராஜன் எடுப்பித்த கோயிலிலே, மறுபடியும் தேசத்தை அளக்க வந்தவரின் கருவி வந்து மோதியது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

பலன் என்ன? சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நானூறு மைல் அகலம் என்று பழைய படங்கள் காட்டிய இடத்தில், முந்நூற்று அறுபது மைல்தான் இருந்தது. இந்தக் கணக்கு சரிதானா என்று சோதிப்பதற்காக 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்தபோது, பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களின் வழியே வந்த கணக்குக்கும் நேரில் அளந்ததற்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவாகவே இருந்தது. இவ்வளவுக்கும் நடுவே, சென்னை சர்க்காரின் நிதிக் குழுவைச் சேர்ந்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவன் தன் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதுமே, இதற்கு லாம்டனின் படம் எதற்கு என்று முணுமுணுத்தாராம்! பலனை உடனே காணாத செலவுகளைக் குறித்து இப்படி முணுமுணுப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு.

லாம்டன் 1823ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவை வேலையாகச் சென்ற வழியிலேயே உயிர் நீத்தார். ஜார்ஜ் எவரெஸ்டு அப்பணியை ஏற்று, எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையை ஒட்டி இமயத்தின் அடிவாரம் வரையில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள, பெரு வில் எனப்பட்ட முக்கோணத் தொடரை 1841இல் நிறைவேற்றினார். அந்த வலைப்பின்னலை ஆதாரமாகக் கொண்டே, வங்காளக் கணித நிபுணரான ராதாநாத் சிக்தார் முதலியோர் பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். 29,002 அடி என்ற கணக்கு 1856இல் வெளியாயிற்று. 1865இல் அச்சிகரம் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. அடிக்கோட்டை அளந்தவரின் பெயரை எந்தச் சிகரமும் தாங்கவில்லை. இருநூறாவது ஆண்டை ஒட்டிப் பரங்கிமலையின் மேல் நிறுவிய மார்பளவுச் சிலையே இங்கே அவருக்குள்ள ஞாபகச் சின்னம்.

குடியானவனின் முக்கோணம்

லாம்டனின் முக்கோணங்கள் பூமியின் வடிவத்தைத் தேடின. சர்க்காருக்கு வேண்டியிருந்ததோ தீர்வை. தாமஸ் மன்றோ முதலியோர் வகுத்த ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு குடியானவனும் தன் வயலுக்கான தீர்வையை நேரே சர்க்காருக்குச் செலுத்தவேண்டியிருந்தமையால், வயல் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எல்லையும் பரப்பும் தேவைப்பட்டன. ஆகவே 1858 வாக்கில் சென்னை ராஜதானிக்கென ஒரு சர்வே இலாகா அமைந்தது. 1860இல் எல்லைக் கற்களைப் பாதுகாக்கச் சட்டம் பிறந்தது. 1897இலும் பிறகு 1923இலும் அது விரிவான சட்டமாக வளர்ந்தது. 1923ஆம் ஆண்டின் எட்டாவது சட்டமே, பெயரில் சென்னை என்பது தமிழ்நாடு என்று மாறி, இன்றளவும் அமலில் இருக்கிறது.

வயலை அளக்க அவர்கள் பின்பற்றிய வழியும் முக்கோண வழியே. மூலைக் கற்களுக்கு இடையே குறுக்குக் கோடுகளை இழுத்து வயலை முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்து செல்லும் வரப்புகளுக்கு அக்கோடுகளிலிருந்து செங்குத்துத் தூரங்களை எடுத்து, எல்லா நீளங்களையும் ஒரு தாளில் எழுதினார்கள். இதைத்தான் இன்று புலப்படம் என்றும், அலுவலக வழக்கில் எப்.எம்.பி. என்றும் சொல்கிறோம். இந்த முறையின் பெரிய உபகாரம், கல் ஒன்று காணாமற்போனாலும் நிலைத்து நிற்கும் வேறிரண்டு கற்களிலிருந்து புலப்படத்திலுள்ள நீளங்களை அளந்து, அது இருந்த இடத்தை மறுபடியும் குறிக்கலாம் என்பதே. சர்வேயரும் அவருடைய செயின்மேனும் வந்து, பக்கத்து மனையிலுள்ள கல்லையும் எதிர்ச்சாரிக் கல்லையும் தேடிக்கொண்டு அலைவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், லாம்டன் மலைக்கு மலை செய்த காரியத்தையே அவர்கள் வரப்புக்கு வரப்பு செய்கிறார்கள்.

தேடும் வழி

ஆக, சேலையூரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ பழைய கல் ஒன்றைக் கண்டவர், அதைத் தோண்டாமலும் துடைப்பதற்குச் சுண்ணாம்போ அமிலமோ பூசாமலும், நாற்புறமும் புகைப்படம் எடுத்து, எழுத்தும் குறியும் உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டு, கைப்பேசி காட்டுகிற அட்சரேகை தீர்க்கரேகைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இப்போது இணையவழியே வீட்டிலிருந்தபடி கிடைக்கின்றன. புலப்படத்தில் அவ்விடத்தில் கல் காட்டப்பட்டிருந்தால், காரியம் பெரும்பாலும் முடிந்தது. அது வருவாய்த் துறையின் கல்.

அங்கே காட்டப்படாத கல்லாயின், கிராம வரைபடத்தைப் பார்த்து, அவ்விடம் இரண்டு மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடமா, காப்புக்காட்டுக்கோ ரயில்வேக்கோ ராணுவத்துக்கோ உரிய நிலத்தின் விளிம்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேடான இடத்திலோ, பாறையிலோ, பழைய பாலத்தின் மதகிலோ அக்குறி இருக்குமானால், இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களைத் தேடுவது உசிதம். பழைய வரிசையில் சேலையூர் 66 டி/1 என்ற தாளிலும், பரங்கிமலை 66 சி/4 என்ற தாளிலும் அடங்கும். அவற்றில் சிறு முக்கோணம் காட்டப்பட்ட இடம் முக்கோண அளவை நிலையம் என்று அறியலாம்.

பழைய தஸ்தாவேஜுகளைத் தேடும்போது இன்றைய பெயர்களை நம்பிவிடலாகாது. சேலையூர் இன்று செங்கல்பட்டு மாவட்டம் தாம்பரம் வட்டத்தில், 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2019க்கு முன்பு காஞ்சிபுரம் மாவட்டம். 1997க்கு முன்பு மறுபடியும் செங்கற்பட்டு. பழைய ஏடுகளிலோ சைதாப்பேட்டைத் தாலூகாவில் தேடினால்தான் அகப்படும். ஊர் ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கர்ணம், மணியம் முதலிய பரம்பரை உத்தியோகங்கள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது, ஏடுகள் கை மாறின. ஆகையால் வட்ட அலுவலகத்தில் கிடைக்காதது எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், அங்கும் கிடைக்காதது ஊரிலுள்ள முதியவர் ஒருவரின் ஞாபகத்திலும் இருக்கக்கூடும். கிழக்குத் தாம்பரத்தில் 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வந்து குடியேறியது போன்ற பெரிய நிலமாற்றங்கள் நடந்த இடங்களில், புதிய எல்லைக் கற்களும் பழைய கற்களும் கலந்து கிடப்பது இயல்பாதலால், ஒரே ஆதாரத்தைக் கொண்டு முடிவு கட்டாமல், இரண்டு ஆதாரங்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

இந்த ஆராய்ச்சியில் முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. கல்வெட்டைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அதன் வாசகம் பிழைத்திருக்கும். சிலையைக் கொண்டுபோனாலும் அதன் அழகு உடன் போகும். அளவைக் கல்லுக்கு வாசகமும் இல்லை, அழகும் இல்லை. அது நிற்கிற ஸ்தானம் ஒன்றே அதன் பொருள். ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டால், அது பொய் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது. பெயர்த்துக் கொண்டுபோய் அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தால், வெறும் பாறைத் துண்டாகிவிடுகிறது. நிலத்துக்கு உடையவரே தம் நிலத்திலுள்ள அளவைக் கற்களைப் பேணவேண்டுமென்று சட்டம் கடமை விதித்திருப்பதும், அவற்றை அழிப்பதையும் அகற்றுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருப்பதும் இக்காரணம் பற்றியே.

ஏரிக்கரைகளும் வயல்களும் மனைப் பிரிவுகளாக மாறி, பொக்லைன் எந்திரங்கள் ஒரு பகற்பொழுதில் ஒரு கிராமத்தின் மேடுபள்ளத்தையே நிரவிவிடுகிற இந்நாளில், நம் தெருமுனைக் கல் யாருடையது என்று அறிந்து, அதன் படத்தையும் ஸ்தானத்தையும் வட்ட நில அளவை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, பிரதியொன்றை நம் வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைப்பதற்கு ஒரு மாலை நேரமும் ஒரு தாளும் போதும். எல்லை வழக்கு வந்த பின்பு சர்வேயரையும் வக்கீலையும் தேடி அலைகிற குடும்பங்கள் செலவிடுகிற வருஷங்களோடு ஒப்பிட்டால், சரித்திர ஆர்வத்தை முன்னிட்டுச் செய்கிற இந்தச் சிறு காரியம் லௌகிகத்திலும் லாபமே தரும்.